கட்டிலுக்குத் துளை போட்டவள்

கட்டிலு ஆடலை. ஏறி உக்காந்தா ஒரு முனகல் கிடையாது. மரம் நயம் சேகுன், அதான் நம்ம தேக்கு. அப்புறம் என்ன எளவுக்கு அந்தக் கல்யாணம் நின்னுதுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுதாங்க. பொண்ணுக்கு வேற எங்கயோ மனசு இருந்துதாம். பொண்ணு கை காய்ச்சுப்போயி ஆம்பளைக் கையாட்டம் இருந்துதாம். கேக்கக் கேக்க எனக்கு ஆத்திரமா வருது. நான் கூடவே இருந்தவ. கண்ணால பார்த்ததைச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

நாங்க கல்கத்தாவுல, கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். எங்க வீட்டுக்காரக ஆபீஸ்ல கிளார்க்கு. திருநெல்வேலியில இருந்து வந்தப்ப ரெண்டு வருசத்துல ஊருக்குத் திரும்பிருவோம்னுதான் பாத்திரத்தைக்கூட மூட்டையிலயே வச்சிருந்தேன். இப்ப என் மகன் பெங்காலியில கனவு காணுதான். மாடியில கோவிந்தராஜன் குடும்பம். அவரு மாயவரத்துப் பக்கம், ரயில்வேயில மரச்சாமான் செய்யுற பிரிவுல மிஸ்திரி. அவரு சம்சாரம் நாகரத்தினம் என்னை அக்காம்பா. ஒரே பொண்ணு சாதனா. இங்கயே பிறந்து வளர்ந்து பி.காம். முடிச்சவ. தமிழ்ல ஆரம்பிச்சா பாதியிலேயே பெங்காலிக்குத் தாவிருவா. என்னை மாசின்னுதான் கூப்பிடுவா. அவுக பாஷையில சித்தி.

கோவிந்தராஜனுக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். அதுக்கப்புறம் சும்மா உக்கார முடியுமா? கிதிர்பூர்ல கால்வாய் ஓரமா ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடிச்சாரு. மூடிப்போன ஒரு பர்னிச்சர் பட்டறையில இருந்து துளை போடுற மெஷின் ஒண்ணையும் வாங்கிட்டு வந்து நிறுத்தினாரு. மரவேலை தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். கட்டில் காலுல ஒரு நீளச் சதுரமா துளை. சட்டத்தோட முனையில அதுக்குள்ள போய் உக்கார்ற நாக்கு. இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கவ்வினாத்தான் கட்டில் நிக்கும். கையில உளி வச்சு ஒரு துளையை எடுக்க அரை நாள் ஆயிரும். இந்த மெஷின்ல உளியே ஒரு சதுரக் குழாய். குழாய்க்குள்ள பிட்டுன்னு ஒரு திருகாணிக் கம்பி சுத்தும். பிடியை இழுத்தா இறங்கி, பிட்டு வட்டமா குடையும், குழாய் நாலு மூலையையும் சீவி சதுரமாக்கும். கேக்க சுளுவா இருக்குல்லா? அந்த மனுஷனுக்கு அது வசப்படவே இல்ல.

கொட்டாப்புளி, அதான் மரச் சுத்தியல், பிடிச்சுப் பழகின கை. பிடியை ஒரே இழுப்பா இழுப்பாரு. பிட்டு உள்ள சிக்கி, மரத்தூள் வெளிய வரமுடியாம புகையும். அதுல கரெண்ட் வேற போயிரும். கல்கத்தா லோட்ஷெடிங் சொல்லிக்கிட்டா வருது? பாதித் துளையில உளி மாட்டிக்கிட்டு நிக்கும். நான் முறுக்கோ பொரியோ கொண்டு போய்க் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கொட்டகையில கருகின மர வாசனைதான் வரும். அதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு. போட்ட துளையில நாக்கு நுழையவே நுழையாது. அரை இஞ்சுன்னா நாலு நூலு, நூலுக்கு மூணு மில்லி, ஆக பன்னெண்டு மில்லி உளின்னு கணக்குப் போட்டு மாட்டியிருக்காரு. நாக்கை மட்டும் தன் பழைய வழக்கப்படி அரை இஞ்சு உளியை அளவா வச்சு அறுத்திருக்காரு. நுழையலைன்னதும் கொட்டாப்புளியால ஒரு போடு. பலாக்கட்டை நெடுக்க வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுது. மெஷினைத்தான் ஏசினாரு. வித்தவன் வம்சத்தையும் சேத்து ஏசினாரு.

சாதனா அப்ப ஒரு ஆடிட்டர் கிட்ட வேலைக்குப் போய்ட்டு, அது பிடிக்காம வீட்டுல இருந்தா. சாப்பாடு கொண்டு போனவ ரெண்டு பக்கமும் கோடு போட்ட ஸ்கேலை எடுத்து வச்சுப் பார்த்திருக்கா. அரை இஞ்சு பன்னெண்டு மில்லி இல்ல, கிட்டத்தட்ட பதிமூணுன்னு சொல்லியிருக்கா. அவரு இத்தனை வருசமா துளைக்கும் நாக்குக்கும் அதே ஒரு உளியைத்தான் அளவா வச்சிருக்காரு. நூலு எத்தனை மில்லின்னு அவருக்கு எதுக்கு? பொண்ணு சொன்னதுக்கு, சரி நீயே போட்டுப் பாருன்னு கோவத்துல எழுந்து டீ குடிக்கப் போயிட்டாரு. அவ போட்டுப் பார்த்தா. அப்படித்தான் ஆரம்பிச்சுது.

எத்தனை கட்டையை வீணடிச்சாளோ, எனக்குத் தெரியாது. ஆனா அவ கண்டுபிடிச்ச முறை எனக்கே மனப்பாடம் ஆயிட்டுது. முதல்ல ஒரு கழிவுக் கட்டையில துளை போடுவா. அந்தத் துளையை வச்சுத்தான் நாக்கை அறுப்பா, நம்பரை வச்சு இல்ல. ஒவ்வொரு கட்டையிலயும் ஒரு முகத்துல பென்சில்ல சுழி போட்டுருவா. அந்த முகம்தான் எப்பவும் மெஷினோட முதுகுச் சட்டத்தை ஒட்டி நிக்கணும். அப்ப துளை நடுவுல இருந்து மயிரிழை தள்ளிப் போனாலும் எல்லாத் துளையும் ஒரே பக்கமாத்தான் தள்ளும், சேர்க்கும்போது சட்டம் ஒண்ணுபோல வந்துரும். ரெண்டு கோடியிலயும் முதல்ல குத்துவா. அப்புறம் ஊடால இடம் விட்டு விட்டுக் குத்தி, கடைசியில மிச்சம் நிக்குற சுவரை எடுப்பா. அடுத்தடுத்து குத்திக்கிட்டே போனா உளி காலியான பக்கமா சரியுமாம். கொஞ்சம் இறக்குவா, தூக்குவா, தூள் கொட்டும், திரும்ப இறக்குவா. புகையே வராது. அவ பொறுமைக்கு அந்த மெஷின் அடங்கிக் கிடந்துது. பக்கத்து லேத்துக்கடை ஆளுங்க சாய் குடிக்கிற சாக்குல வந்து வேடிக்கை பார்ப்பாங்க.

இந்த நேரத்துலதான் பவானிபூர் சம்பந்தம் வந்துது. பையன் பேரு கிரிதர், ஒரு கம்பெனியில ஆபீசர். தாத்தா காலத்துலயே இங்க வந்து குடியேறின குடும்பம். சொந்த வீடு. அவன் அம்மா சாவித்ரி, புருஷன் போனதுக்கப்புறம் ரெண்டு பையன்களையும் ஒத்தையா நின்னு ஆளாக்கினவ. அதுக்கு நான் கும்பிடு போடுதேன், அதுல குறை சொல்ல மாட்டேன். நிச்சயம் ஆச்சு, தையில கல்யாணம்னு பேச்சு. கிரிதர் சனிக்கிழமை ஆனா டிராம் பிடிச்சு கொட்டகைக்கு வந்துருவான். அவ துளை போடும்போது நீளச் சட்டத்தோட மறுமுனையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். தூளை வாயால ஊதிவிடுவான். ரெண்டும் பெங்காலியில என்னமோ பேசிச் சிரிச்சுக்கிடும். நல்ல பையன்னுதான் நானும் நினைச்சேன். அந்த நினைப்புல கொள்ளி வைக்க.

சீர்க் கட்டிலைக் கடையில வாங்குறதா, நாமளே செய்யுறதான்னு பேச்சு வந்தப்போ, மிஸ்திரி வீட்டுல கடைக் கட்டிலான்னு நாகரத்தினம்தான் கேட்டா. சரின்னு கோவிந்தராஜன் மரம் எடுத்துக்கிட்டு வந்தாரு. இழைச்சது அவரு. துளை மொத்தமும் சாதனா. பவானிபூர் வீட்டு மாடிப்படி ஒடுக்கம், முழுக் கட்டில் ஏறாது. அதனால ஆணி இல்லாம, பசை இல்லாம, ஆப்பு தட்டிச் சேத்து, ஆப்பை உருவிக் கழட்டுற மாதிரி செஞ்சா. அதுக்குத் துளை இன்னும் சுத்தமா வரணும். அந்த வருசம் ஆடி மழை ஊத்தோ ஊத்துன்னு ஊத்திச்சு. கொட்டகைக்குள்ள முழங்காலுக்குத் தண்ணி. ஈரக் காத்துல மரம் ஊதிப்போகும்னு சட்டங்களை எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில கொண்டாந்து அடுக்கி, நாங்க ஒரு மாசம் காலை மடக்கிப் படுத்தோம். தண்ணி வடிஞ்சப்புறம்தான் துளை போட்டா. ஒரு காலை எடுத்து இன்னொரு காலு இருக்குற இடத்துல வச்சாலும் அப்படியே போய் உக்காந்துது. கோவிந்தராஜன் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திச் சேத்துப் பார்த்துட்டு, முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு.

விஸ்வகர்மா பூஜை வந்துது. கல்கத்தாவுல அன்னைக்கு ஒரு மெஷினும் ஓடாது. எல்லாத்துக்கும் குங்குமம் மாலை போட்டு, பூஜை முடிச்சு, வானம் பூரா பட்டம் விடுவாங்க. சம்பந்தி வீட்டையும் கூப்பிட்டா கௌரவமா இருக்கும்னு கோவிந்தராஜன் கூப்பிட்டாரு. சாவித்ரி தன் நாத்தனாரையும் கூட்டிக்கிட்டு வந்தா. கட்டிலை சேத்து நிறுத்தி வச்சிருந்தோம். சாவித்ரி மரத்தைத் தடவிப் பார்த்துட்டு, பொருத்து எவ்வளவு நேர்த்தி, உங்க கை உங்க கைதான்னு சொன்னா. அந்த மனுஷன் அத்தோட ஆமான்னுட்டு இருந்திருக்கலாம். சந்தோஷத்துல வாய் நிக்கலை. துளை எல்லாம் சாதனா போட்டதுன்னும், இந்த மெஷின் தனக்கு மசியவே இல்லன்னும், லேத்துக்கடைக்காரங்களைக் கேட்டுப் பாருங்கன்னும் அளந்துக்கிட்டே போறாரு. சாவித்ரி தடவிக்கிட்டிருந்த கையை எடுத்துக்கிட்டா. நாத்தனார்க்காரி புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பினா. பிரசாதத்தை வாங்கினாங்க, சாப்பிடலை. கிளம்பிட்டாங்க.

அவுக குடும்பத்துல ஒரு வழக்கமாம். தாலி ஏறுறதுக்கு முன்னாடி கல்யாணப் பொண்ணு தன் கட்டில்ல கைகூட வைக்கக் கூடாதாம். சாவித்ரி கட்டிலு தூத்துக்குடியில இருந்து கப்பல்ல வந்தப்போ அவளை அந்த ரூம் பக்கமே விடலையாம். இங்க பொண்ணே தன் படுக்கைக்குக் கணக்குப் பார்த்து அறுத்து, துளை போட்டு, ஆப்பு அடிச்சிருக்கா. நாத்தனார்க்காரி போற வர்ற வீட்டுல எல்லாம் சொல்லிச் சிரிச்சுட்டா. அவ்வளவு அவசரமாமா பொண்ணுக்குன்னு கேட்டாளாம். அடி சண்டாளி! ஒரு பொண்ணு தான் படுக்கப்போற கட்டிலைத் தானே செஞ்சா அது அசிங்கமாம். ஊரான் செஞ்சதுல படுத்தா அது லட்சணமாம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டுல போய்க் கேக்குதது? சமைக்கப்போற சட்டியை அவ தேய்க்கலாம், கட்டப்போற புடவைக்கு அவ ஃபால்ஸ் அடிக்கலாம், கட்டிலைத் தொட்டா மட்டும் குடி முழுகிருமாக்கும்.

சேதி கொண்டுவந்தது கிரிதரே. ஞாயித்துக்கிழமை வந்து, நாகரத்தினம் வச்ச வடையைப் பிட்டுக்கிட்டே, தட்டைப் பார்த்துப் பேசினான். விஜயதசமிக்கு அவுக வீட்டுல சொந்தக்காரங்க கூடுவாங்களாம். அங்க வந்து, கட்டிலு மொத்தமும் தான் செஞ்சதுன்னு, அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன்னு கோவிந்தராஜன் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமாம். அம்மா மனசு ஆறிருமாம். கல்யாணத்துக்கு அப்புறம் சாதனா மெஷின் பக்கம் போகவும் வேண்டாமாம், அவ பேங்க் பரீட்சை எழுதலாமேன்னான். சாதனா அப்ப வீட்டுல இல்ல, கொட்டகையில இருந்தா. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த வடைத் தட்டைப் பிடுங்கியிருப்பேன். நாகரத்தினம் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவளுக்கு இந்த இடம் தட்டிப்போயிரக் கூடாது, அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் புருஷன் காதுல அதையே ஓதியிருக்கா. ஒரே ஒரு வார்த்தை, சொன்னா என்ன குறைஞ்சா போயிருவீங்கன்னு. பொண்ணுகிட்ட மட்டும் ரெண்டு பேரும் மூச்சு விடலை, என் வாயையும் கட்டிப் போட்டுட்டாங்க. ஆயிரம் பொய்யில இது ஒண்ணுன்னு நினைச்சுட்டாங்க.

விஜயதசமி அன்னைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போனாங்க. தெரு பூரா டாக்கு மேளம் அடிச்சுக்கிட்டு துர்க்கையை ஆத்துல கரைக்கக் கொண்டு போறாங்க. பஸ் பாதியிலேயே நின்னுட்டுது, நடந்துதான் போய்ச் சேந்தோம். மாடி ஹால்ல ஜமக்காளம் விரிச்சு ஒரு கூட்டம் உக்காந்திருந்துது. கையில கொண்டைக்கடலைச் சுண்டலும் சந்தேஷ் இனிப்பும் வச்ச தட்டு. நலம் விசாரிச்சு, மழையைப் பேசி, எல்லாம் ஆனப்புறம் சாவித்ரி சிரிச்ச முகமா ஆரம்பிச்சா. கட்டிலைப் பத்தி என்னென்னமோ பேசிக்கிறாங்க, நீங்களே சொல்லிருங்க அண்ணான்னா.

கோவிந்தராஜன் தொண்டையைச் செருமினாரு. சாதனாவை அவரு பார்க்கலை.

"நான்தாங்க செஞ்சேன். எல்லாத் துளையும் நான் போட்டதுதான். பொண்ணு கூடமாட நின்னு தூளு கூட்டினா."

சாதனா முகத்துல ரத்தமே இல்ல. அவ அப்பனைப் பார்க்கலை. எதிர்ல தன் அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்த கிரிதரைப் பார்த்தா. பெங்காலியில கேக்கலை. அத்தனை பேருக்கும் புரியணும்னு தமிழ்ல, தட்டுத்தடுமாறி, தெளிவா கேட்டா.

"கிரி, ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நீதான் நின்ன. சொல்லு. யாரு போட்டது?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் சிரிச்ச மாதிரி வச்சுக்கிட்டு, "அப்பாவே சொல்லிட்டாரே, விடேன் சாதனா. இதுல என்ன இருக்கு?" அப்படின்னான்.

என்ன இருக்கா? அடப்பாவி, கையில கொப்புளம் வெடிச்சு வெடிச்சு அவ போட்டது இருக்கு. சாதனா தட்டைக் கீழ வச்சா. இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்னு சொல்லிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டா. கத்தலை, அழலை. நாகரத்தினம் ஓன்னு அழுதா. சாவித்ரி பொண்ணுக்குத் திமிரைப் பாருங்கன்னு ஆரம்பிச்சதும் நான் வாசல்லயே நின்னுட்டேன். பெத்த தகப்பனைப் பொய் சொல்ல வச்ச வீட்டுல உக்காந்து தின்ன சுண்டல் செரிக்காது, எல்லாரும் ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்கன்னு சொல்லிட்டுத்தான் படியிறங்கினேன். எங்க வீட்டுக்காரக இதைக் கேட்டுட்டு என்னை ஏசினாக. ஏசட்டும்.

அதுக்கப்புறம் மாடி வீடு வீடாவே இல்ல. வாயில வச்ச சோத்தைத் தட்டி விட்டுட்டாளேன்னு நாகரத்தினம் பொண்ணுகிட்ட பேசுறதை நிறுத்திட்டா. கோவிந்தராஜன் வேலைக்குப் போவாரு, வருவாரு, சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பாரு. சாதனா மட்டும் காலையில டப்பாவை எடுத்துக்கிட்டு கொட்டகைக்குப் போயிருவா. லேத்துக்கடைக்காரங்க சொல்லி நாலஞ்சு ஜன்னல் வேலை வந்திருந்துது. கட்டிலு அங்க இடத்தை அடைக்குதுன்னு ஒருநாள் கழட்டி வண்டியில ஏத்திக் கொண்டாந்தா. மாடிக்குச் சட்டம் சட்டமா நான்தான் கூடத் தூக்கினேன். கீழ போய் எனக்கு ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு ஏறுறதுக்குள்ள ஆப்பைத் தட்டி நிறுத்திட்டா. குவார்ட்டர்ஸ் முன் ரூம் எத்தனை பெருசு இருக்கும்? கட்டிலே ரூம் ஆயிட்டுது. நாற்காலி ரெண்டையும் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்த சனம் எல்லாம் அதுமேலதான் உக்காந்து விசாரிச்சுட்டுப் போச்சு.

குளிர் ஆரம்பிச்சு, கடையில நொலேன் வெல்லம், அதான் புது ஈச்ச வெல்லம், போட்ட சந்தேஷ் வந்த சமயம். நிச்சயத்துக்கு நாம போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க சாவித்ரி வந்தா. நாகரத்தினம் பயந்துபோய் என்னைக் கூப்பிட ஆள் விட்டா. நான் ஏறிப்போனப்போ சாவித்ரி கட்டில்லதான் உக்காந்திருந்தா, வேற எங்க உக்காருவா? நல்ல கனத்த உடம்பு. மோதிரத்தைக் கொடுத்து, நிச்சயப் புடவையை வாங்கிக்கிட்டப்புறமும் எழும்பலை. கையை ஊனி ஒருவாட்டி அசைச்சுப் பார்த்தா. காலும் சட்டமும் சேர்ற இடத்தை விரலால தடவினா. ரொம்ப சகஜமா ஆரம்பிச்சா. பெரிய பையனுக்குக் கடையில வாங்கின கட்டிலு ஒரு வருசத்துல ஆட்டம் கண்டுட்டுதாம், புரண்டா வீடே எழும்புதாம்.

"இது இங்க சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டுத்தானே கிடக்கு அண்ணா. நமக்குள்ள என்ன, எங்களுக்குக் குடுத்துருங்களேன். உங்க கை வேலைன்னா நம்பி வாங்கலாம்."

எனக்கு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துட்டுது. அதுக்குள்ள கோவிந்தராஜன் எழுந்து நின்னாரு.

"என் கை இல்லம்மா. அன்னைக்கு உங்க வீட்டுல அத்தனை பேரு முன்னாடி நான் பொய் சொன்னேன். மரம் வாங்கினேன், இழைச்சேன். பொருத்து மொத்தமும் எம்பொண்ணு. என்னால இப்படிப் போட வராது. வேணும்னா அவளைக் கேளுங்க."

நாகரத்தினம் புருஷனை ஏறிட்டுப் பார்த்தா. தடுக்கலை. சாதனா அடுப்படி வாசல்ல மாவுக் கையோட நின்னுக்கிட்டிருந்தா. சாவித்ரி அவ பக்கம் திரும்பினா. புடவைப் பொட்டலத்தை மடியில இந்தப் பக்கம் வச்சா, அந்தப் பக்கம் வச்சா. கடைசியில, தரையைப் பார்த்துக்கிட்டு, "குடுப்பியாம்மா?"ன்னு கேட்டா.

சாதனா கையைக் கழுவிட்டு வந்து நின்னா.

"இது என்னோடது ஆன்ட்டி, நான் படுத்துக்கிறேன். உங்களுக்கு வேணும்னா ரூம் அளவை எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்கு வாங்க. வேற போட்டுத் தர்றேன்."